சேலத்துக்கு வரும் விமானம் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். காமலாபுரத்தில் விமான நிலையம் திறந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் சேவை ஏன் தொடங்குவதும் நிற்பதுமாகவே இருக்கிறது என்பது ஒன்று. நாமக்கல்லில் இருக்கும் நீங்கள், அம்மாவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கும் மகளைப் படிப்புக்காக ஹைதராபாத்துக்கும் அனுப்ப அந்த விமானத்தை நம்பலாமா என்பது இன்னொன்று. நடுவில் ஒரு வரியும் எழுதியிருந்தீர்கள்: "சேலத்துக்காரர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்கள், பிளைட்டுக்கு அங்கே ஆள் கிடையாது என்று எல்லாரும் சொல்கிறார்கள்."

அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருக்கிறது. சேலத்தில் இருபது வருடங்களுக்கு மேல் டிக்கெட் பதிவு செய்யும் தொழிலில் இருந்தவன் நான். என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானம் ஏறப் போகிறவர்கள். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டி வைத்து வட மாநிலங்களில் தொழில் செய்கிறவர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரிகள், நாமக்கல் முட்டை ஏற்றுமதிக்காரர்கள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், மேட்டூர்த் தொழிற்சாலைகளுக்கு வந்து போகும் பொறியாளர்கள், பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கணினி வேலையில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள். எல்லாரும் விமானத்தில் போகிறவர்கள்தான். காமலாபுரத்திலிருந்து மட்டும் போகவில்லை. ஆள் இல்லை என்பதும், ஆள் வேறு ஊர் விமான நிலையத்துக்குப் போகிறார் என்பதும் ஒன்றல்ல.

சரி, வரலாறு. சேலம் விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, ஓமலூரைத் தாண்டி, பெங்களூர் போகும் நெடுஞ்சாலைப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. 1993 ஏப்ரலில் செயல்பாட்டுக்கு வந்தது. முதலில் வந்தது என்இபிசி. காற்றாலை செய்து விற்ற சென்னைக் குழுமம் நடத்திய விமான நிறுவனம் அது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பறந்தார்கள். அப்போது ஏறும் கூட்டம் போதவில்லை என்று சொல்லிச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதில் உண்மை இருந்திருக்கலாம். விமானம் என்பது அன்றைக்கு நம் ஊர் நடுத்தரக் குடும்பத்தின் நினைப்பிலேயே இல்லாத ஒன்று. ஆனால் அந்த நிறுவனமும் நிலைக்கவில்லை. 1997-இல் மொத்தமாகவே பறப்பதை நிறுத்தியது.

அதற்கப்புறம் நீண்ட இடைவெளி. ஓடுபாதை இருந்தது, கட்டடம் இருந்தது, காவலுக்கு ஆள் இருந்தார்கள், விமானம் மட்டும் இல்லை. ஊர்த் தொழில் அமைப்புகள் விடாமல் முயன்று, 2009 நவம்பர் 15 அன்று கிங்ஃபிஷர் சென்னைக்குச் சேவையைத் தொடங்கியது. அந்த மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. முதல்முறை விமானம் ஏறுகிறவர்கள், பேரப்பிள்ளைகளோடு வழியனுப்ப வந்து வேலிக்கு வெளியே நின்ற தாத்தா பாட்டிகள். இரண்டு வருடம் போல ஓடியது. பிறகு அந்த நிறுவனத்துக்கே கடன் கழுத்தை நெரித்தது. 2011-இல் குறைந்த கட்டணச் சேவையை மூடுவதாக அறிவித்தார்கள், 2012 அக்டோபரில் அவர்களுடைய விமானம் ஒன்றுகூடப் பறக்கவில்லை. சேலம் மட்டும் அல்ல, மும்பையும் டெல்லியும் சேர்ந்துதான் அன்று கிங்ஃபிஷரை இழந்தன.

மூன்றாவது முறை 2018 மார்ச் 25. சின்ன ஊர்களுக்கு விமானம் விடுகிறவர்களுக்கு உதவித்தொகை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் வந்தது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிறிய நிறுவனம். சென்னைக்குத் தினசரி சேவை. இந்த முறை ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முகூர்த்த நாள், பொங்கல், தீபாவளி சமயங்களில் சீட் கேட்டால் என்னால் கொடுக்க முடியாத நாட்கள் உண்டு. கொரோனா வந்தது, நின்றது, மறுபடி ஓடியது, 2021-இல் முடிந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் அந்த நிறுவனமும் பணமில்லாமல் முழுவதுமாக நின்றுபோனது.

நான்காவது முறை 2023 அக்டோபர். அலையன்ஸ் ஏர் பெங்களூர்–சேலம்–கொச்சி தடத்தில் வந்தது. அதே மாதக் கடைசியில் இண்டிகோ சென்னைக்கும், பெங்களூருக்கும், ஹைதராபாத்துக்கும் தொடங்கியது.

இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சேவை நின்ற மூன்று முறையில் இரண்டு முறை விமான நிறுவனமே விழுந்தது. அதற்குக் காமலாபுரத்தில் யாரும் காரணம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் இடைவெளி ஏறக்குறைய பதினைந்து வருடம். இரண்டாவது ஆறு வருடத்துக்குச் சற்று மேல். மூன்றாவது இரண்டரை வருடத்துக்குள். ஆள் இல்லாத ஊருக்கு இப்படி வேகமாகத் திரும்பி வருவார்களா?

அப்படியானால் நம்மிடம் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அதைச் சொல்ல ஓடுபாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சேலத்து ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர், அகலம் 30 மீட்டர். இது ஏடிஆர் 72 வகை விமானத்துக்குப் போதும். இருபுறமும் விசிறி சுற்றும் அந்த விமானத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 70 முதல் 78 பேர் போகலாம். முழு எடையோடு கிளம்பக் கடல்மட்டத்தில், சாதாரண வெப்பத்தில், 1,300 மீட்டரைச் சுற்றி அதற்குத் தேவை. சேலம் கடல்மட்டத்துக்கு 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏப்ரல் மதியம் வெயில் 38, 39 டிகிரியைத் தொடும். காற்று சூடானால் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்கும் சக்தியும் எஞ்சினுக்கு இழுக்கும் சக்தியும் குறையும். அதனால் இன்னும் நீண்ட தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். அந்தக் கூடுதலையும் 1,806 மீட்டர் தாங்கிக்கொள்கிறது. 180 பேர் போகும் ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானத்துக்கு அப்படி இல்லை. முழுச் சுமையோடு கிளம்ப அதற்கு 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும், வெயில் ஊரில் இன்னும் கூட. அகலமும் பொதுவாக 45 மீட்டர் வேண்டும். தீயணைப்பு வசதியும் ஒரு படி உயர வேண்டும். விமானத்தின் நீளத்தை வைத்துத்தான் தீயணைப்பு வகையை முடிவு செய்வார்கள். 27 மீட்டர் ஏடிஆருக்கு ஐந்தாம் வகை, 37 மீட்டரைத் தாண்டும் ஏர்பஸுக்கு ஆறாம் வகை.

ஆகவே "பெரிய பிளைட் எப்ப வரும்" என்ற கேள்விக்குப் பதில் நிலத்தில் இருக்கிறது. ஓடுபாதையை நீட்டுவதென்றால் தார் போடும் நீளம் மட்டும் கணக்கல்ல. கருவிகளின் துணையோடு இறங்கும் பெரிய ஓடுபாதைக்கு நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீட்டர் தடையில்லாத சமநிலம் வேண்டும். இரண்டு முனையிலும் விமானம் தாண்டி ஓடினால் தாங்கிக்கொள்ளப் பாதுகாப்பு நிலம் வேண்டும். அதற்கும் அப்பால் விளக்கு வரிசை. இப்படிக் கூட்டித்தான் விரிவாக்கத்துக்கு 570 ஏக்கர் என்று கணக்குப் போட்டார்கள். காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய ஊர்களின் விவசாய நிலமும் வீடுகளும் அதில் வருகின்றன. 2018-இல் அளக்க வந்தபோது அந்த ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். அதே வருடம்தான் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்கும் நிலம் அளந்தார்கள். ஒரு மாவட்டம் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிலத்தைப் பறிகொடுக்கும் பயத்தில் இருந்தது.

விமானத்தால் பிழைத்தவன் நான், ஆனாலும் இதில் என் மனம் அந்த விவசாயிகளின் பக்கம்தான். முதன்முதலில் நிலையம் கட்டியபோதே நிலம் கொடுத்த ஊர்கள் அவை. கொடுத்தவர்கள் அதற்கப்புறம் வருடக்கணக்கில் பார்த்தது விமானம் இறங்காத ஓடுபாதையை. இன்னும் 570 ஏக்கர் கொடுங்கள், பெரிய விமானம் வரும் என்று சொன்னால் அவர்கள் எப்படி நம்புவார்கள்? இருக்கிற 1,806 மீட்டரில் ஒரு நாளைக்கு நான்கைந்து ஏடிஆர் தவறாமல் வந்து, சீட் நிரம்பி வழிந்து, இதற்குமேல் முடியாது என்ற நிலை வரட்டும். அப்போது நிலம் கேட்பதற்கு ஒரு நியாயம் இருக்கும், நல்ல விலை கொடுக்கக் காரணமும் இருக்கும். தூத்துக்குடியைப் பாருங்கள். வாகைக்குளம் ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்தது. பல வருடம் ஏடிஆரே ஓடியது. துறைமுகமும் தொழிலும் சேர்ந்து தொடர்ந்து ஆளைக் கொடுத்தன. இன்று அங்கே ஓடுபாதை 3,115 மீட்டர், 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தார்கள். அங்கே நிலம் வானம் பார்த்த பூமி, சேலத்தைவிட எளிது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் முதலில் சேவை, அப்புறம் விரிவு என்ற வரிசைதான் அங்கே பலித்தது.

இனி பணம். ஏடிஆர் ஓட்டுகிறவர்களுக்கு அரசு இரண்டு பெரிய சலுகைகளை நீண்ட காலமாகக் கொடுத்துவருகிறது. 80 சீட்டுக்குக் குறைந்த விமானத்துக்கு இறங்கு கட்டணம் கிடையாது. இண்டிகோவின் ஏடிஆரில் 78 சீட் இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 40 டன்னுக்குக் குறைந்த விமானம் போடும் எரிபொருளுக்கு விற்பனை வரியிலும் உச்சவரம்பு உண்டு. தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு வழக்கமான வரி 29 சதவீதம் என்பதை நினைத்தால், சிறிய விமானத்துக்கு இது எவ்வளவு பெரிய மூச்சு என்பது புரியும். நம் நாட்டில் விமானம் ஓட்டும் செலவில் எரிபொருளே மிகப் பெரிய பங்கு.

இவற்றுக்கு மேல் 2016-இல் அறிவித்த உடான் வந்தது. அதன் கணக்கு எளிது. ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி சீட்டுகளை ஒரு உச்சவரம்புக்கு மேல் விற்கக் கூடாது; தொடங்கியபோது அது ரூ.2,500. அதனால் வரும் நட்டத்தை மூன்று வருடத்துக்கு அரசு ஈடுகட்டும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கும் விமானங்களிடம் வசூலிக்கும் தொகையிலிருந்து வருகிறது, நம் போன்ற மாநிலங்கள் 20 சதவீதம் தர வேண்டும். அந்தத் தடத்தில் மூன்று வருடம் வேறு யாரும் இந்த உதவியோடு போட்டிக்கு வர முடியாது.

சிக்கல் அந்த "மூன்று வருடம்" என்ற சொல்லில் இருக்கிறது. 2023-இல் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி வெளியிட்ட அறிக்கை நாடு முழுவதும் உடான் தடங்களை ஒதுக்கிய முதல் மூன்று சுற்றுகளில் என்ன நடந்தது என்று எண்ணிச் சொன்னது. ஒதுக்கிய தடங்கள் 774. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று வருடத்தை முழுதாக முடித்தவை 112 மட்டும். உதவித்தொகை நின்ற பின்னும் 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை 54. இந்த எண்களைப் படித்த அன்று எனக்கு வருத்தமும் வந்தது, கூடவே ஒரு தெளிவும் வந்தது. சேலம் தனியாகத் தோற்ற ஊர் இல்லை. நாடு முழுவதும் சின்ன ஊர்களுக்கு நடந்ததே நமக்கும் நடந்திருக்கிறது.

ஏன் இப்படி? மூன்று வருடத்தில் ஒரு ஊரின் பழக்கம் மாறுவதில்லை, அதனால்தான். கோயம்புத்தூர் போய் விமானம் ஏறும் வியாபாரி ஒருவர் காமலாபுரத்துக்கு மாறுவதற்கு முதல் வருடம் முழுக்க யோசிப்பார். இரண்டாம் வருடம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். அன்று விமானம் ரத்தானால் அவ்வளவுதான், அவர் திரும்பக் கோயம்புத்தூர்தான். ஒரு முறை நான் பதிவு செய்து கொடுத்த ஒரு குடும்பத்துக்கு இது நடந்தது. மகன் சென்னையில் மாலை வெளிநாட்டு விமானம் ஏற வேண்டும். சேலத்து விமானம் ரத்து என்று காலையில் குறுஞ்செய்தி வந்தது. வாடகைக் கார் பிடித்து, உளுந்தூர்ப்பேட்டை வழியாக விரட்டிக்கொண்டு போய், கவுன்ட்டர் மூடும் நேரத்தில் சேர்ந்தார்கள். அந்த அப்பா என்னிடம் கோபப்படவில்லை. "இனிமே இந்தப் பக்கம் வேண்டாம் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரோடு சேர்ந்து அவருடைய உறவு, தெரு, கடை எல்லாமே இந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டன என்று எனக்குத் தெரியும்.

இங்கேதான் நான் முக்கியமாக நினைக்கும் விஷயம் வருகிறது: நேரம். இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

சேலத்திலிருந்து சென்னைக்கு ஒரு வியாபாரியோ நோயாளியோ போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன வேண்டும்? காலை 7 மணிக்குக் கிளம்பி, 8 மணிக்கு அங்கே இறங்கி, வேலையை முடித்து, இரவு 8 மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும். அப்படிப்பட்ட விமானத்துக்கு ரூ.4,000 சொன்னாலும் கொடுப்பார், ஒரு நாள் விடுதி வாடகை மிச்சம். ஆனால் விமானம் இரவு தங்குவது சென்னையிலோ பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ. விமானிகளும் பராமரிப்புக்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். காலை முதல் ஓட்டத்தைக் கூட்டம் அதிகமான ஊருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவது மூன்றாவது ஓட்டமாகத்தான் நம் பக்கம் அனுப்புவார்கள். 2023-இல் தொடங்கியபோது இண்டிகோவின் சென்னை விமானம் நண்பகலை ஒட்டித்தான் வந்து போனது. மதியம் ஒரு மணிக்கு மேல் சென்னையில் இறங்கினால் அன்று எந்த வேலை நடக்கும்?

அதே 2023-இல், ஏப்ரல் 8 அன்று, கோயம்புத்தூர்–சென்னை வந்தே பாரத் ரயில் தொடங்கியது. காலை எட்டு மணி வாக்கில் சேலத்தில் ஏறினால் பன்னிரண்டு மணிக்குள் சென்னை சென்ட்ரல். இரவில் ஏற்காடு எக்ஸ்பிரஸும் நீலகிரி எக்ஸ்பிரஸும் சேரனும் இருக்கின்றன. இரவு படுத்தால் விடியும்போது சென்னை. நகரத்திலிருந்து காமலாபுரம் வர முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும், பறப்பது ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு, மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போக இன்னொரு முக்கால் மணி. கூட்டினால் மூன்றரை மணி நேரம். ரயிலோடு ஒப்பிட்டால் மிச்சமாவது அதிகமில்லை. ஆக, சென்னைத் தடத்தில் விமானம் ஜெயிப்பது இரண்டே வகையில்தான்: காலை போய் மாலை திரும்பும் நேரம், அல்லது சென்னையிலிருந்து வேறு ஊருக்கு, வேறு நாட்டுக்கு மாறி ஏறும் வசதி. ஹைதராபாத், கொச்சி மாதிரித் தடங்களில் கதை வேறு. அங்கே ரயிலுக்கு இரவு முழுக்க வேண்டும், விமானத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். சேலத்துக்குப் பலன் தரும் தடங்கள் அவைதான் என்று நான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறேன். மும்பைக்கு நேர் விமானம் வந்தால் வெள்ளித் தொழிலும் லாரித் தொழிலும் மட்டுமே அதை நிரப்பிவிடும் என்பது என் நம்பிக்கை.

காலை முதல் விமானம் வேண்டுமென்றால் ஒரு ஏடிஆர் இரவு காமலாபுரத்தில் தங்க வேண்டும், அல்லது விடிந்ததும் வேறு ஊரிலிருந்து வந்து இறங்க வேண்டும். அதற்கு ஓடுபாதை விளக்குகள், வழிகாட்டும் கருவிகள், அதிகாலையிலும் இரவிலும் கோபுரத்தில் கட்டுப்பாட்டு அலுவலர், தீயணைப்பு, பாதுகாப்பு எல்லாம் வேண்டும். சின்ன நிலையங்களில் கோபுரம் குறிப்பிட்ட மணி நேரம்தான் திறந்திருக்கும். அதை நீட்டுவதென்றால் ஒவ்வொரு பிரிவிலும் இன்னொரு ஷிப்ட் ஆள். பார்வைத் தெளிவு இன்னொரு தொல்லை. கண்ணால் பார்த்து இறங்கும் முறையில் 5 கிலோமீட்டர் தெளிவு இருக்க வேண்டும். மார்கழி, தை மாதக் காலையில் ஓமலூர்ப் பக்கம் பனி எப்படிப் படியும் என்று அந்தச் சாலையில் பால் வண்டி ஓட்டுகிறவரைக் கேளுங்கள். கிழக்கே சேர்வராயன் மலை வேறு இருக்கிறது. கருவி வழியாக இறங்கும் வசதி முழுமையாக இருந்தால் இன்னும் குறைந்த தெளிவிலும் வரலாம். 570 ஏக்கர் கேட்பதற்கு முன்னால் இதற்கு அழுத்தம் கொடுங்கள் என்று நான் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஜெட் விமானம் கேட்டால் கைதட்டல் கிடைக்கும், விளக்கும் ஷிப்டும் கேட்டால் கிடைக்காது.

இன்னொரு செய்தி, சிலருக்குத் தெரியாது. காமலாபுரத்தில் விமானி பயிற்சிப் பள்ளிக்கும் விமான நிலைய ஆணையம் 2022-இல் இடம் ஒதுக்கியது. சிறிய பயிற்சி விமானங்கள் இறங்கி ஏறுவதை நீங்கள் பார்க்கலாம். இது நல்லது. பயணி விமானம் இல்லாத நேரத்திலும் ஓடுபாதை உயிரோடு இருக்கிறது.

ஓசூரில் பெரிய விமான நிலையம் கட்டப்போவதாக 2024-இல் அரசு அறிவித்ததைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெங்களூர் நிலையத்தின் ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய நிலையம் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. சேலம் அந்த எல்லைக்கு வெளியே. ஓசூர் வந்தால் தருமபுரிக்கு வடக்கே இருப்பவர்கள் அங்கே போவார்கள். நாமக்கல், சங்ககிரி, ராசிபுரம், ஆத்தூர், மேட்டூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சேலம்தான் கிட்டே.

சரி, உங்கள் குடும்பத்துக்கு நான் என்ன சொல்வேன்?

அம்மாவைச் சென்னை அழைத்துப் போக, மருத்துவர் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் விமானம் ஏறுவதாக இருந்தால் தாராளமாகப் பதிவு செய்யுங்கள். அன்றே பார்க்க வேண்டுமென்றால் ரயில்தான் நல்லது. விமானத்தில் போனால், நடக்கச் சிரமப்படுகிறவர் என்றால் பதிவு செய்யும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். ஏடிஆரில் பயணிகள் பின்பக்கக் கதவு வழியாக, விமானத்தோடு சேர்ந்த சின்னப் படியில்தான் ஏற வேண்டும். ஐந்தாறு படிதான், ஆனாலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பின்வரிசை சீட் வாங்குவது உத்தமம், உள்ளே நடக்கும் தூரம் குறையும்.

மகளுக்கு ஹைதராபாத் விமானம் நல்ல வசதி. அவள் அங்கிருந்து வேறு ஊருக்கு மாறி ஏறுவதாக இருந்தால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். ஒரே பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், மாற்று விமானம் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. இருநூறு, முந்நூறு ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நான் முன்னால் சொன்ன குடும்பம் மாட்டிக்கொண்டது இதனால்தான். ரத்தானால் பணம் முழுதாகத் திரும்ப வேண்டும், அல்லது மாற்று விமானம் தர வேண்டும். உரிய காலத்தில் முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட விமானத்துக்கு ரூ.5,000 அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதை இழப்பீடாகக் கேட்கலாம். பனி, மழை காரணமாக ரத்தானால் இழப்பீடு கிடையாது, பணம் மட்டும் திரும்பும். கவுன்ட்டரில் கேட்கத் தயங்காதீர்கள். ரத்துக்கான காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த நாட்களில் விமானம் இருக்கிறது என்பதைக் கோடை அட்டவணை மாறும் மார்ச் கடைசியிலும், குளிர்கால அட்டவணை மாறும் அக்டோபர் கடைசியிலும் மறுபடி பாருங்கள். சின்ன ஊர் விமானங்களின் நேரமும் நாளும் மாறுவதும், தடம் காணாமல் போவதும் பெரும்பாலும் அந்த இரண்டு நாட்களில்தான். அந்தத் தேதிகளைத் தாண்டிய பயணத்துக்கு ரொம்ப முன்னதாகப் பதிவு செய்வதைத் தவிர்க்கலாம்.

பெட்டி பெரிதாக வேண்டாம். உள்நாட்டு விமானத்தில் வழக்கமாக 15 கிலோ சரக்கில் போடலாம், 7 கிலோ கையில். ஏடிஆரில் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி வைக்கும் இடம் சின்னது, சக்கரம் வைத்த கைப்பெட்டியைப் படியருகிலேயே வாங்கிச் சரக்கில் போட்டுவிடுவார்கள். அதனால் மாத்திரை, நகை, மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் ஒரு தோள்பையில் தனியாக வையுங்கள். நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வருவதானால் சேலம் புதிய பஸ் நிலையத்தில் இறங்கி, தருமபுரி போகும் பஸ் ஏறி, காமலாபுரம் பிரிவில் நிற்குமா என்று நடத்துனரிடம் கேட்டு ஏறுங்கள். அம்மாவோடு வருகிறீர்கள் என்றால் ஓமலூரில் இறங்கி ஆட்டோ பிடிப்பது நல்லது. திரும்பி வரும் நாளில் வண்டியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நிலைய வாசலில் எப்போதும் வண்டி நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்கள். ஏடிஆரின் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் தரை தெரியும். வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் தூரத்தில் மேட்டூர் அணையின் தண்ணீர். அம்மாவுக்குக் காட்டுங்கள்.